இரட்டைக்கால் கேரட்

ஜூன் 2

அக்காவுக்கு,

இதனால் குடும்பத்தார் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று காலை ஏழு மணி பதினெட்டு நிமிடத்தில், குளியலறைக் கண்ணாடியின் முன்னிலையில், உன் தம்பியின் மேலுதட்டின் வலப்புறத்தில் பதினோரு மயிர்கள் எண்ணி உறுதி செய்யப்பட்டன. இடப்புறத்தோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. அம்மா மட்டும், "மூஞ்சிய ஒழுங்கா கழுவுடா, அழுக்கு அப்படியே இருக்கு" என்று சொல்லி வரலாற்றை அவமதித்தாள்.

மீசை வந்தவனுக்கு மானம் வரும். மானம் வந்தவனுக்குப் பழி வாங்கத் தோன்றும். எனவே இரண்டாவது அறிவிப்பு: உன் மேற்பார்வையாளன் பச்சைப்புள்ளியை நான் பழி வாங்கப் போகிறேன். நாள், நேரம் பிறகு.

இதையெல்லாம் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று கேட்பாய். போன வாரம் "அக்கா, உடம்பு எப்படி இருக்கு?" என்று செய்தி அனுப்பினேன். உன் பதில் வந்தது: "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். வேறு ஏதேனும் உதவி தேவையா?" வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று கத்துகிறவர்களுக்கு ஒரே பொத்தானில் நீ அனுப்பும் ரெடிமேட் பதில். ஒரே திரையில் நாலு ஜன்னல் திறந்து வைத்திருந்தால் தம்பிக்கும் வாஷிங் மெஷினுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் போகும். நான் சிரித்தேன். அம்மா வாங்கிப் படித்தாள், சிரிக்கவில்லை. அதோடு, உன் போனிலும் ஆபீஸ் செயலி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. எனக்குப் பதில் போட்டால் 'சொந்த வேலை' என்று உன் பெயரில் குறித்துக்கொள்கிறது. காகிதத்தை அதனால் படிக்க முடியாது.

மே மாதம் பத்து நாள் உன் வீட்டில் இருந்தேனே, அதில் நான் பார்த்ததை வைத்து ஒரு பழிப் பட்டியல் தயாரித்திருக்கிறேன்.

ஒன்று, அந்தப் புள்ளி. வீட்டிலிருந்தே வேலை செய்யும் நீ நாலு நிமிடம் எதையும் தட்டாவிட்டால் உன் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகும். அடுத்த நொடியே உன் காதில் அவன் குரல்: "என்ன கண்ணு, புள்ளி மஞ்சளா இருக்கே?" உனக்கு மஞ்சள்காமாலை வந்திருந்தால்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டான். நீ கழிவறைக்குப் போகும்போது மௌஸை என் கையில் திணித்து, "ஆட்டிக்கிட்டே இருடா" என்று ஓடுவாய். பரீட்சை முடித்தவனுக்குக் கிடைத்த முதல் வேலை, எலியாட்டி.

இரண்டு, அந்த நலவாழ்வுத் திட்டம். தினமும் மதியம் இரண்டு மணிக்குள் சாப்பாட்டுத் தட்டைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும், காய்கறி எத்தனை நிறம் என்று பார்த்து மெஷின் மார்க் போடும். சாப்பிட நேரம் கொடுப்பார்களா என்றால் அது மட்டும் கிடையாது. வரிசையில் வாடிக்கையாளர் நின்றால் இடைவேளை 'தள்ளி வைக்கப்படும்'. உங்கள் ஆபீஸில் அது உணவு இடைவேளை இல்லை, உணவுக்கு இடையில் வேலை. அதனால்தானே நான் அடுப்படி ஜன்னலோரம் ஸ்டுடியோ போட்டேன்? ஒரு முட்டை, ஒரு வெள்ளரிக்காய், இரண்டு தட்டு, ஒரு இரட்டைக்கால் கேரட். அதை மாற்றி இதை மாற்றி நாளொன்றுக்கு இருபத்தொரு படம், உன் குழுவில் ஏழு பேருக்கும் முப்பது வேலை நாளுக்கான சாப்பாடு. வயிற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிரப்பினேன்.

மூன்று, மே பத்தொன்பது. நான் வெளியே போய்விட்டுத் திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன், உள்ளே நாற்காலி சாய்ந்த சத்தம். ஓடி வந்தால் நீ தரையில் கிடக்கிறாய். காதில் ஹெட்போன் அப்படியே இருக்கிறது, அதற்குள் அவன்: "கண்ணு, மஞ்சளாச்சு." மதியத்துக்கென்று எடுத்து வைத்த தட்டைத் தொடக்கூட உன்னை விடவில்லை, பாவி. அன்றைக்கு உன் தட்டுக்கு மெஷின் போட்ட மார்க் தொண்ணூற்றாறு.

இந்தத் தொண்ணூற்றாறுக்கு நான் அவனை அழ வைக்காவிட்டால் பதினோரு மயிரையும் மழித்துவிடுகிறேன்.

உன்
அறுந்த வால்


ஜூன் 7

அறுந்த வாலுக்கு,

மீசைக்கு வாழ்த்து. பூதக்கண்ணாடி ஒன்று அனுப்பி வைக்கிறேன், மற்றவர்களும் பார்க்க வேண்டாமா?

பேனா பிடித்துப் பல மாதமாகிவிட்டது. மேலே அடித்துவிட்டிருக்கிறேனே, அது "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்". கை தானாக ஆரம்பித்துவிட்டது.

உடம்பு பரவாயில்லை. குடல் புண் என்கிறார் டாக்டர். "வேளாவேளைக்குச் சாப்பிடும்மா, அது போதும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். என்ன ஜோக் சொன்னோம் என்று பாவம் அவருக்குப் புரியவில்லை. மாத்திரைச் சீட்டில் 'உணவுக்குப் பின்' என்று எழுதியிருக்கிறது. உணவு எப்போது என்று எந்தச் சீட்டிலும் இல்லை.

ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது பச்சைப்புள்ளி போன் செய்தான், உனக்குத் தெரியாது. நீயும் அம்மாவும் டீ குடிக்கப் போயிருந்தீர்கள். "உடம்புதான் கண்ணு முக்கியம். நல்லா ரெஸ்ட் எடு. எந்தக் கையில ஊசி? இடது கையா? அப்ப வலது கை சும்மாதானே இருக்கு, ரெண்டே ரெண்டு சாட் மட்டும் பாத்துக் குடுத்துரு." பார்த்துக் கொடுத்தேன். ஒருத்தருக்கு மிக்சி மூடி உடைந்துவிட்டதாம். என்னைவிட மோசமான நிலைமை.

இப்போது உன் ரத்தம் கொதிக்கிற சேதி. மே மாதத்தில் மெஷின் போட்ட மார்க்கில் எங்கள் குழுதான் முதலிடம். அதற்காகப் பச்சைப்புள்ளிக்கு 'ஊழியர் நலம் காக்கும் தலைவர்' என்று சான்றிதழ் தருகிறார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டது. ஜூன் முப்பதாம் தேதி தலைமை அலுவலக அரங்கில் விழா. மேலிடத்து அம்மையார் வருகிறார். நாங்கள் ஏழு பேரும் நேரில் வந்து கைதட்ட வேண்டுமாம்.

நினைத்தாலே என் விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. எனக்குக் கோபம் இல்லை என்று எண்ணாதே. காலையில் பல் துலக்கும்போதே அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் துப்புகிறேன். ஆனால் ஜூலைக் கடைசியில் என்னை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். இரண்டு வருடம் இந்த நாற்காலியில் தேய்ந்ததெல்லாம் அதற்காகத்தான். நீ ஒரு குறும்பும் செய்யாதே. அந்தத் தட்டுகள் பொய் என்று வெளியே வந்தால் அவன் தப்பித்துவிடுவான், மாட்டுவது நாங்கள் ஏழு பேர்.

பிறகு, மே பத்தொன்பது கதையை அங்கே எல்லோரிடமும் கண்ணீர் மல்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம், அம்மா சொன்னாள். கொஞ்சம் அடக்கி வாசி. நானும் அன்றைக்கு அந்த வீட்டில்தான் இருந்தேன்.

அக்கா


ஜூன் 10

அக்காவுக்கு,

என் கேரட்டா அவனுக்கு மகுடம் சூட்டியது!

நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. (மூன்று வேளையும் இறங்கியது. ஆனால் ருசிக்கவில்லை.) நான் உனக்குக் கொடுத்த படங்களை எடுத்து அவன் படிக்கட்டு கட்டி ஏறிவிட்டானே! அந்தக் கேரட் யார்? ஒரு கால் நேராக, இன்னொரு கால் குறுக்காக, எதிரே பெரியவர்கள் இருந்தாலும் கால் மேல் கால் போட்டு உட்காரும் சுயமரியாதைக் கேரட். ஐந்தாம் நாள் வாடிப்போனதைத் தண்ணீரில் ஊற வைத்து, துணியால் துடைத்து, மறுபடி நடிக்க வைத்தேன். ஏழு வீடு, ஏழு தட்டு, இருநூற்றுப் பத்துப் படம், எல்லாவற்றிலும் அதே கேரட். உங்கள் மெஷினுக்குக் காய்கறியின் நிறம் தெரிகிறது, முகம் தெரியவில்லை.

நீ குறும்பு வேண்டாம் என்றாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே ஒன்று நடந்துவிட்டது. அதை மறைப்பது வீரனுக்கு அழகல்ல.

முந்தாநாள் காலை பதினொன்றரைக்கு உங்கள் சாட்டில் வாடிக்கையாளனாக நுழைந்தேன். "என் வாஷிங் மெஷினில் கேரட் சிக்கிக்கொண்டது. பச்சையாகவே இருக்கிறது, மஞ்சளாக மறுக்கிறது. மேற்பார்வையாளரைக் கூப்பிடு" என்று எழுதினேன். யாரோ ஓர் ஆள் பொறுமையாக, "எந்த மாடல் சார்? கேரட்டின் அளவு என்ன சார்?" என்று கேட்டார். ஒரு மணி இருபது நிமிடம் விடவில்லையே நான்! நடுநடுவே காணாமல் போய்த் திரும்பி வந்தேன். கடைசியில் பச்சைப்புள்ளி தானே வந்து, "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே" என்றான். என்னை! மதிப்பிற்குரிய! அவனிடம், "கேரட்டிடம் மன்னிப்புக் கேள்" என்றேன். கேட்டான், அக்கா. எழுத்து மூலமாகக் கேட்டான். அம்மாவிடம் காட்டினேன். பிறகு ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

இது வெறும் தாளிப்பு. சமையல் இனிமேல்தான்.

வெற்றி வீரன்,
அறுந்த வால்


ஜூன் 15

டேய்,

கேரட்டின் அளவு கேட்டது யார் தெரியுமா? எங்கள் சோடாபுட்டி அக்கா. நீ இங்கே இருந்தபோது வீடியோவில் உன்னிடம், "என்னப்பா, இன்னிக்கி எனக்கு என்ன சாப்பாடு போட்டே?" என்று சிரித்தாளே, அவள்தான். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது. பன்னிரண்டரைக்குள் ஏதாவது வாயில் போட்டாக வேண்டும். அன்றைக்கு அவள் இடைவேளை பன்னிரண்டு மணிக்கு. ஆனால் மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் ஒருவர் வாஷிங் மெஷினுக்குள் கேரட்டோடு உட்கார்ந்திருந்ததால் தள்ளி வைக்கப்பட்டது. நீ வெளியே போன பிறகு, ஒற்றை நட்சத்திரம் ஏன் விழுந்தது என்று விளக்கம் எழுதச் சொன்னார்கள். எழுதி முடிக்க மணி இரண்டே கால். கை நடுங்கி எழுத்தெல்லாம் தப்பு. மேஜை இழுப்பறையில் இருந்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து அப்படியே வாயில் கொட்டிக்கொண்டாளாம்.

பச்சைப்புள்ளிக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. அவன் ஒரு நாளில் இருபது பேரிடம் மன்னிப்புக் கேட்பவன். அதற்கும் ஒரு பொத்தான் இருக்கிறது.

பெரிய பழி வாங்கிவிட்டாய். நீ எறிகிற கல் எல்லாம் அவன் தலையைத் தாண்டி எங்கள் தட்டில்தான் விழுகிறது. அவளிடம் நீதான் அது என்று நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா


ஜூன் 18

அக்காவுக்கு,

சோடாபுட்டி அக்காவிடம் நான்தான் என்று சொல். வேண்டாம், சொல்லாதே. சொல். அவளுக்குத் தனியாக ஒரு மன்னிப்புச் சீட்டு இதோடு வைத்திருக்கிறேன். பொத்தானில் வந்தது அல்ல, நாலு முறை அடித்து எழுதியது.

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஒரு தட்டுச் சோறு தள்ளிப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமலா? சரி, அதை விடு.

அதனால் இனிமேல் கல் வேண்டாம், பாறைதான் என்று முடிவு செய்துவிட்டேன். நேற்று மாலை நாலரை மணிக்கு மேலிடத்து அம்மையாருக்கு ஒரு கடிதம் போட்டேன். ஏழு பேர் தட்டுகளையும் ஒரே தாளில் ஒட்டி, ஏழு கேரட்டையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, கீழே எழுதினேன்: "அம்மா, உங்கள் ஊழியர் ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே கேரட். அதையும் யாரும் தின்னவில்லை. இதைக் காக்கும் தலைவருக்கா கண்ணாடிச் சட்டம்?"

நீ தடுப்பாய் என்று தெரியும். அதனால்தான் போட்ட பிறகு சொல்கிறேன். தபால் பெட்டி வாயைத் திறந்தது, லபக்கென்று விழுங்கியது. கை கொஞ்சமும் நடுங்கவில்லை. சுற்றி நின்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மீசையைப் பார்த்திருப்பார்கள்.

இனி எது நடந்தாலும் பழி என் தலைமேல்.

அறுந்த வால்


ஜூன் 24

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் என் காலில் இருந்த செருப்பைப் பார்த்தேன். நீ எதிரே இல்லாததால் பிழைத்தாய்.

நிரந்தரம் போயிற்று என்று ஒரு நாள் முழுக்க அழுதுகொண்டே சாட் செய்தேன். புள்ளி பச்சையாகவே இருந்தது. அழுவதை அது வேலையில் சேர்த்துக்கொள்கிறது.

மறுநாள் மற்ற ஆறு பேரையும் கூப்பிட்டேன். போனில் இல்லை, நேரில். இரண்டு வருடத்தில் நாங்கள் ஏழு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சோடாபுட்டி அக்கா நான் நினைத்ததைவிடக் குள்ளம். கழுத்துப்பட்டை போட்டுக்கொண்டு ஒருத்தர் வந்தார், அவர் எப்போதும் தலையாட்டாமலே பேசுவது ஏன் என்று அன்றுதான் தெரிந்தது. எல்லோர் பையிலும் அதே வயிற்று மாத்திரை இருந்தது. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், மன்னிப்புச் சீட்டையும் அவளிடம் கொடுத்தேன்.

பிறகு சோடாபுட்டி அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எப்படியும் மாட்டப் போறோம். மாட்டுறதுதான் மாட்டுறோம், நம்ம வாயாலயே சொல்லிட்டு மாட்டுவோமே. அந்தப் பையன் சொல்லி ஏன் மாட்டணும்?"

கழுத்துப்பட்டைக்காரர், "அவனுக்கு மட்டும் கண்ணாடிச் சட்டமா?" என்றார். அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, எனக்கே பயமாக இருந்தது.

ஆகவே இன்று முதல் உன் படங்கள் ஓய்வு பெறுகின்றன. இன்று மதியம் ஏழு பேரும் உண்மையாகத் தின்றதை அனுப்பினோம். நான் அனுப்பியது: ஆடை படிந்த ஆறிய டீ, அதில் பாதி மூழ்கிய பிஸ்கட். சோடாபுட்டி அக்கா: சர்க்கரைப் பொட்டலம், பிரித்தது. கழுத்துப்பட்டைக்காரர்: காலித் தட்டு. ஒருத்தி மாத்திரை அட்டையைத் தட்டின் நடுவில் வைத்து, மேலே ஒரு கொத்தமல்லித் தழை வைத்திருந்தாள். அந்தத் தழைக்கு மெஷின் நாலு மார்க் போட்டது.

தொண்ணூறுக்கு மேல் இருந்த குழுவின் மார்க் பதினொன்றுக்கு விழுந்துவிட்டது. உன் மீசைக் கணக்கு.

பச்சைப்புள்ளி அலறினான்: "கண்ணுங்களா, என்ன இது, தட்டு எங்கே?" நான் ரெடிமேட் பதில் பொத்தானை அமுக்கினேன். "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்." இந்த முறை தவறிப்போய் இல்லை.

அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரம். உன் கடிதம் நேற்றுதான் வந்தது. கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாம் அல்லவா?

தபால் என்பது நாம் நினைக்கிற அளவுக்கு நிச்சயமான விஷயம் இல்லை. எத்தனையோ கடிதங்கள் போய்ச் சேருவதே இல்லை. முகவரியை நான் சரியாக எழுதினேனா என்றும் இப்போது ஒரு சந்தேகம். ஒருவேளை, சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், அந்த அம்மையாருக்குக் கடிதமே கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள். அப்போது நீங்கள் ஏழு பேரும் வீணாகத் தலையைக் கொடுத்ததாக ஆகிவிடும் இல்லையா? இன்னும் முப்பது படம் மிச்சம் இருக்கிறது. மறுபடி அனுப்ப ஆரம்பித்தால் யாருக்குத் தெரியும்?

பயத்தினால் சொல்லவில்லை. தந்திரம்.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

உன் தந்திரக் கடிதம் நேற்றுக் காலை நான் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. பஸ்ஸில் படித்தேன். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

அரங்கம் பெரியது. மேடையில் ஒரு வெண்திரை, நாற்காலிகள், மேஜையில் சிவப்புத் துணி மூடிய கண்ணாடிச் சட்டம். பச்சைப்புள்ளி புதுச் சட்டை போட்டிருந்தான், மடித்த கோடு அப்படியே இருந்தது. எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து, "கண்ணுங்களா, நாலு நாளா விளையாடினது போதும். இன்னிக்கி மட்டும் சிரிச்ச முகமா இருங்க" என்றான். நேரில் அவன் குரல் இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது. ஹெட்போன்தான் அதைப் பெரிதாக்கியிருக்கிறது.

அவன் பேசும்போது குழுவின் தட்டுகள் வெண்திரையில் ஓட வேண்டும் என்று யாரோ ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்த வாரத்துப் படங்கள் தானாகவே வரும்படி வைத்திருந்தார்களாம், யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. அவன் மைக்கைப் பிடித்து, "என் குழுவுல ஒவ்வொருத்தர் தட்டையும் நான் என் தட்டு மாதிரி பாத்துக்கறேன்" என்றான். அவன் தலைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு என் ஆறிய டீ வந்து நின்றது. அடுத்து சர்க்கரைப் பொட்டலம். அடுத்து காலித் தட்டு. அரங்கம் மௌனமாகிவிட்டது. தனக்காகத்தான் மௌனம் என்று நினைத்து அவன் குரலை உயர்த்தினான். மாத்திரை அட்டையும் கொத்தமல்லியும் வந்தபோது பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரித்தார், அப்புறம் அடக்க முடியவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான். டேய், அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை.

மேலிடத்து அம்மையார், "இது என்ன?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். நான் எழுந்தேன். "இதுதான் மேடம் எங்க சாப்பாடு. போன மாசம் நீங்க பாத்ததெல்லாம் என் தம்பி எடுத்த படம். எல்லாத்துலயும் ஒரே கேரட்தான்" என்றேன். தொண்ணூற்றாறு வாங்கிய அன்று நான் விழுந்ததைச் சொன்னேன். ஊசி குத்திய கையோடு சாட் பார்த்ததைச் சொன்னேன். அதற்குள் மணி ஒன்று ஆகிவிட்டது. சோடாபுட்டி அக்கா கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து, "மன்னிக்கணும் மேடம், எனக்குச் சாப்பாட்டு நேரம்" என்று மூடியைத் திறந்தாள். மற்ற ஆறு பேரும் திறந்தோம். அரங்கத்தின் நடுவில், மைக்கைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்க, யாரும் தள்ளி வைக்காத சாப்பாட்டை நாற்பது நிமிடம் மென்று மென்று தின்றோம். நான் என் முட்டையை வேண்டுமென்றே மெதுவாக உரித்தேன். இவ்வளவு ருசியான பழியை நான் தின்றதே இல்லை.

விளைவு: கண்ணாடிச் சட்டத்தின் துணியை யாரும் எடுக்கவில்லை. அவன் வேறு குழுவுக்கு மாற்றப்படுகிறான். அதே கண், வேறு புள்ளிகள். அந்தக் குழுவுக்குச் சோடாபுட்டி அக்கா ஏற்கெனவே எழுதிவிட்டாள், காகிதத்தில். ஒன்றிலிருந்து ஒன்று நாற்பது வரை இனி எங்கள் சாட் தானே மூடிக்கொள்ளும். பொய்ப்படம் அனுப்பியதற்காக எங்கள் ஏழு பேருக்கும் எச்சரிக்கை. என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப் போகிறது. போகட்டும், உட்கார்ந்து தின்றுகொண்டே காத்திருப்பேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். வெளியே வரும்போது அம்மையாரிடம், "என் தம்பி உங்களுக்கு ஒரு லெட்டர் போட்டானே, கெடச்சுதா மேடம்?" என்று கேட்டேன். "எந்த லெட்டர்?" என்றார்.

இன்னொன்று. மே பத்தொன்பது அன்று எனக்குச் சாப்பிட நேரம் கிடைக்கவில்லை என்று நீ எழுதியிருந்தாய். கிடைத்தது. இரண்டரை மணிக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. அடுப்படிக்குப் போய்த் தட்டின் மூடியைத் திறந்தேன். சோறு இல்லை, முட்டை இல்லை, வெள்ளரிக்காய் இல்லை. உன் இரட்டைக்கால் கேரட் மட்டும் கால் மேல் கால் போட்டுப் படுத்திருந்தது. கடித்துப் பார்த்தேன். வாடி ரப்பராகியிருந்தது. மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஒன்றரை மாதமாக நீயாகச் சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டில் எலி கிடையாது. ஓர் எலியாட்டிதான் இருந்தான்.

அக்கா


ஜூலை 5

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் அறிவிப்பு எதுவும் இல்லை.

மீசையிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் சுலபம். பதினொன்று இல்லை, நாலு. மிச்சம் ஏழும் அம்மாவின் கண்மை. அன்று காலை அவள் முகத்தைக் கழுவச் சொன்னது அதனால்தான்.

கடிதத்தைப் போடவில்லை. எழுதினேன், ஒட்டினேன், சிவப்பு வட்டம் போட்டேன், தபால் பெட்டி வரைக்கும் போனேன். வாயில் பாதி நுழைத்தும் விட்டேன். உன் நிரந்தரம் ஞாபகம் வந்தது. கை நடுங்கவில்லை என்று எழுதினேனே, நடுங்கியதில் பக்கத்தில் நின்றவர், "தம்பி, உள்ள ஏதாவது மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது என் இயற்பியல் புத்தகத்துக்குள் இருக்கிறது. போடாததை ஏன் போட்டேன் என்று எழுதினேன்? நீ 'பெரிய பழி வாங்கிவிட்டாய்' என்று எழுதியது அவ்வளவு உறைத்தது. உங்கள் ஏழு பேரின் பழியில் என் பங்கு, போடாத ஒரு கடிதம். அரங்கத்தில் நடந்ததை நான் இங்கே என் நண்பர்களிடம் என் திட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று காலையிலிருந்து சொல்லவில்லை.

தட்டு.

அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு, வேலைக்கு உட்காருவதற்கு முன்பு, நீ எனக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டு, உனக்கென்று சோறு வடித்து முட்டை வேக வைத்தாய். "படம் எடுத்துட்டு மூடி வைடா, ரெண்டரைக்கு வந்து சாப்பிடுறேன்" என்றாய். இருபத்தொரு படம் எடுத்தேன். எடுக்க எடுக்கப் பசித்தது. வெள்ளரித் துண்டு ஒன்று எடுத்தேன். தட்டு ஒரு பக்கம் காலியாகத் தெரிந்தது, சரி செய்ய இன்னொரு பக்கமும் எடுத்தேன். அப்படியே இரண்டு பக்கத்தையும் சமமாக்கிக்கொண்டே போய்ச் சோறும் முடிந்துவிட்டது. கேரட்டை மட்டும் நடுவில் வைத்து மூடினேன். மூடியிருந்தால் நிறைந்த தட்டுப் போலத்தானே இருக்கும் என்று நினைத்தேன். நீ இடைவேளைக்கு எழுவதற்குள் ரொட்டி வாங்கி வந்து வைத்துவிடலாம் என்றுதான் வெளியே போனேன். கடை டிவியில் கடைசி ஓவர் ஓடிக்கொண்டிருந்தது. நின்றேன். திரும்பும்போது என் கையில் ரொட்டி இல்லை, எனக்கு வாங்கிய குளிர்பானம் இருந்தது. செருப்பைக் கழற்றும்போது நாற்காலி சாய்ந்தது.

அவன் உன்னை இரண்டு வருடம் பட்டினி போட்டான், அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு உனக்குப் பத்து நிமிடம் கிடைத்தது என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. நீ எழுந்தே போகவில்லை என்று ஒன்றரை மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்பினால்தான் எல்லாப் பழியையும் அவன் தட்டிலேயே வைக்க முடிந்தது.

அந்த முட்டை நன்றாக வெந்திருந்தது அக்கா. உப்புகூடச் சரியாக இருந்தது.

தம்பி